எழும்பூர் அநாதைச் சாலையும் மணலெழுத்தும்

வண்ணாரப்பேட்டையிலே பழைய சிறைச்சாலைத் தெருவழியே செல்வோர் இரண்டு பழம்பொருள்களைக் காணலாம். ஒன்று, கறுப்பர் நகரைச் சூழக் கும்பினியார் எழுப்பிய மதிலின் எஞ்சிய துண்டு. மற்றொன்று, அதற்கு அணித்தாய் நிற்கும் மணியக்காரர் சத்திரம். 1780-ஆம் ஆண்டில் ஹைதர் அலியின் குதிரைப்படை கருநாடகத்துட் புகுந்து ஊர்களை எரித்த காலை, உழவுத் தொழில் நின்றது, பஞ்சம் பிறந்தது. பசித்தோர் திரள்திரளாய்ச் சென்னையை நாடி வந்தனர். 1782-இல் மதிற்புறத்தே அவர்க்குக் கஞ்சி வார்க்கும் தொட்டி ஒன்று அமைந்தது. அதனைக் கண்காணித்த மணியக்காரரின் பெயரே பின் எழுந்த சத்திரத்திற்கும் பெயராயிற்று. 1799-இல் அங்கே தோன்றிய மருந்துச்சாலைதான் இற்றை ஸ்டான்லி மருத்துவமனைக்கு வித்து என்பதை, அம்மருத்துவமனையின் வாயிலில் நாள்தோறும் காத்துநிற்கும் எம் பேட்டையாருள் அறிந்தார் சிலரே.

அத்தொட்டியில் கஞ்சி குடித்த பிள்ளைகள் எத்துணையரோ! அவர்களுடைய பெயர்கள் ஏட்டில் ஏறவில்லை. அதே பத்தாண்டிற்குள் சென்னையில் வேறொரு வகைப் பிள்ளைகளுக்கு வீடு எழுந்தது. அவ்வீட்டின் வரலாறே ஈண்டு ஆராயப்படுவது.

கும்பினிப் படையின் ஐரோப்பியச் சிப்பாய்கள் போரிலும் நோயிலும் மாய்ந்தபோது, அவர்கள் விட்டுச்சென்ற பிள்ளைகளைக் காப்பார் இலர். ஆளுநர் ஆர்ச்சிபால்டு காம்பெல் துரையின் மனைவியார் 1787-இல் பெண்குழந்தைகளுக்கென ஓர் இல்லம் அமையத் துணைநின்றார். வேப்பேரி மிஷனைச் சார்ந்த ஜெர்மானியர் கெரிக்கே ஐயர் அதன் பணியிலே பெரிதும் ஈடுபட்டார். ஆண்பிள்ளைகளுக்குரிய சாலை 1789-இல் எழும்பூர்க் கோட்டையில் திறக்கப்பட்டது. அதன் மேற்பார்வையை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் குருவானவர். இவர் ஸ்காத்லாந்திலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1753-இல் பிறந்தவர். 1787-இல் சென்னைக்கு வந்தவர். பல படைப்பிரிவுகளுக்கு ஒருங்கே குருவாயமர்ந்து செல்வமும் சேர்த்தவர். ஆயினும் அநாதைச் சாலைப் பணிக்கு ஊதியம் வேண்டாமென மறுத்தார்.

‘அநாதை’ என்னுஞ் சொல்லைச் சற்றே நிறுத்தி நோக்குதல் தகும். நாதன் இல்லாதவர் என்பது அவ்வடசொல்லின் பொருள். வேதாகமத் தமிழோ ‘திக்கற்ற பிள்ளைகள்’ என்னும். செல்வதற்கு ஒரு திசையும் இல்லாதார் என்று எத்துணை உருக்கமாய் அது பேசுகிறது! எழும்பூர்ச் சாலையின் சிறுவருள் பலர் அவ்வாறு திக்கற்றவரல்லர். தந்தை இறந்திருப்பான், அல்லது கைவிட்டிருப்பான், தாயோ இந்நாட்டுப் பெண், உயிரோடிருப்பாள். அத்தாயின் நிழலிலிருந்து மகனைப் பிரித்து வளர்த்தலே நலமென்று சாலையை நடத்தினோர் கருதினர். பெல் ஐயரும் அங்ஙனமே எழுதினார். மகனைச் சாலை வாயிலில் ஒப்படைத்து மீண்ட தாயின் மொழி தமிழோ தெலுங்கோ, அதுவே மகனுக்கு முதன்மொழி. அம்மொழியை மறத்தலே அவன் கல்வியின் முதற்பாடமாயிற்று. உணவும் உடையும் எழுத்தும் தந்த அறத்தை யான் குறைத்துக் கூறேன். எனினும் அத்தாயரை வரலாற்று நூலார் ஒருவரியிலும் நிறுத்தாது கடந்துபோவது எனக்கு ஒப்பவில்லை.

இனி, மணலெழுத்தைப் பற்றிக் காண்போம். சாலையின் உபாத்திமார் சோம்பரும் பயிற்சியில்லாதவருமாய் இருந்தமையால் பெல் பெரிதும் வருந்தினார். ஒருநாட் காலையிற் குதிரையேறிச் சென்றவர், வழியிலே ஒரு திண்ணைப்பள்ளியைக் கண்டார். பிள்ளைகள் தரையில் அமர்ந்து, முன்னே பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தனர். நமக்கு இதில் வியப்பொன்றுமில்லை. ஓலையும் எழுத்தாணியும் கைக்கொள்ளுமுன் மணலில் விரல்தோய எழுதுதல் நம் முன்னோர் யாவரும் கண்ட வழியே. எழுத்தின் வடிவைக் கண் காணும். அதன் ஒலியை வாய் சொல்லும். விரல் அவ்வடிவின்மேற் செல்லும். மூன்றும் ஒருசேர உள்ளத்திற் பதியும். பிழையாயின் உள்ளங்கையால் ஒரு துடைப்பு. தாளுமில்லை, மையுமில்லை, செலவுமில்லை.

பெல் விரைந்து மீண்டு, கீழ்வகுப்பில் இம்முறையைக் கையாளுமாறு உபாத்திமார்க்குக் கட்டளையிட்டார். அவர்கள் அது இயலாதென்று கைவிரித்தனர். அவர் தளராது ஜான் ஃபிரிஸ்கின் என்னும் சிறுவனை அழைத்தார். அவன் ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன். வயது ஏறக்குறைய எட்டு. எழுத்தறியாச் சிறார்க்கு மணலில் அரிச்சுவடி கற்பிக்கும் பொறுப்பை அவனிடமே விடுத்தார். பெரியவர் இயலாதென்றதை அவன் செய்துகாட்டினான். அதன்பின் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு மாணவன் ஆசிரியனாகவும், வேறொருவன் அவனுக்குத் துணைவனாகவும் நியமிக்கப்பட்டனர்; வல்ல பிள்ளை ஒருவன் மெலிந்தவன் ஒருவனைத் தன் பக்கத்தில் இருத்திக் கற்பித்தான். குற்றங்கள் கரும்புத்தகம் ஒன்றிற் குறிக்கப்பெற்றன. வாரந்தோறும் சிறுவரே நடுவராய் அமர்ந்து அவற்றை ஆய்ந்தனர். நம் திண்ணைப்பள்ளிகளிலோ பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்னும் கொடுமை நெடுங்காலம் நின்றது. இவ்வொன்றில் எழும்பூர்ச் சாலையின் பக்கமே என் வாக்கு.

சாலைச் சிறுவர் வளர்ந்தபின் எங்கே சென்றனர்? 1791 முதல் 1795 வரை கும்பினியார் பிறப்பித்த ஆணைகள், கலப்புப் பெற்றோர்க்குப் பிறந்தவர்க்கு உயர்ந்த உத்தியோகங்களின் வாயிலை அடைத்தன. அடைபட்ட அக்கதவுக்கு அருகே வேறொரு சிறு சாளரம் திறந்தது. 1794-இல் மைக்கேல் டாப்பிங் என்பார் சென்னையில் நில அளவைப் பள்ளியொன்றைத் தொடங்கி, இச்சாலையின் சிறுவர் எண்மரை முதன்மாணாக்கராய்ச் சேர்த்தார். அப்பள்ளியிற் பயின்றவர் சிலர் பின்னர்க் காலின் மெக்கன்சியின் மைசூர் அளவைப் பணியிற் சங்கிலி பிடித்துக் காடுமேடெல்லாம் அலைந்தனர். கிண்டிப் பொறியியற் கல்லூரி தன் தொடக்கத்தை அவ்வளவைப் பள்ளியில் வைத்தே எண்ணுகிறது. தந்தை பெயரும் உறுதியாய்ச் சொல்லவியலாச் சிறுவர் எண்மரே அக்கல்லூரியின் முதல் வகுப்பினர் என்பதை அதன் மாணவ நண்பர்க்கு நினைவூட்ட விழைகிறேன்.

உடல்நலங் குன்றி 1796-இல் தாய்நாடு மீண்ட பெல், மறுவாண்டே தம் சென்னைச் சோதனையை விளக்கும் சிறுநூலை இலண்டனில் அச்சிட்டார். 1798-இல் ஆல்டுகேட்டிலுள்ள அறப்பள்ளி ஒன்று அம்முறையை மேற்கொண்டது. அவ்வாண்டிலேயே ஜோசப் லங்காஸ்டர் என்னும் குவேக்கர் இளைஞர் இலண்டனில் ஏழைப்பிள்ளைகட்கு ஒத்ததொரு முறையிற் பள்ளி நடத்தலானார். முறையை முதலிற் கண்டவர் யார் என்று இருவர் கட்சியாரும் நெடிது வாதிட்டனர். 1811-இல் இங்கிலாந்துத் திருச்சபையார் தேசியக் கல்விச் சங்கத்தை நிறுவிப் பெல் முறையைத் தம்முடையதாக்கினர். அவர் 1832-இல் மறைந்து வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கமாகும் முன்பே, பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகள் அம்முறையைத் தழுவியிருந்தன.

மணலைத் திண்ணைப்பள்ளியிற் கண்டதாகப் பெல் ஒளிவின்றி ஒப்பினார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையோ தாமே கண்டதென்றார். தமிழ் மாணாக்கன் இங்கே ஒரு சொல்லை முன்வைக்கலாம்: சட்டாம்பிள்ளை. அண்ணாவியார் திண்ணையிற் சாய்ந்திருக்க, மூத்த மாணவன் இளையோரை வரிசையில் இருத்திப் பாடஞ் சொல்லிவைத்தல் நம்மூர்ப் பழக்கம். பெல் அதனைக் கண்டிருந்தாரா என்பது வழக்கறிஞர் போல் மெய்ப்பிக்கத் தக்கதன்று. ஒருகால் பிரிஸ்கினின் தேவை அவருக்குத் தானாகவே வழிகாட்டியிருக்கலாம். ஆனால் வாதம் நடந்த ஆண்டுகளில், இலண்டனில் ஒருவரும் அத்திண்ணையின் அண்ணாவியாரைச் சாட்சிக்கு அழைக்கவில்லை. 1822-இல் தாமஸ் மன்றோ கேட்ட கணக்கின்படி சென்னை இராஜதானியில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். எல்லாச் சேரிப் பிள்ளைகளுக்கும் அத்திண்ணைகள் இடந்தரவில்லை என்பதையும் உடன்கூறல் நேர்மை. மணியக்காரர் தொட்டியிற் கஞ்சி குடித்த பிள்ளைக்கு எழும்பூர்ச் சாலையும் இடந்தரவில்லை, பேட்டைத் திண்ணையும் பெரும்பாலும் தரவில்லை.

பெல் தம் பொருளனைத்தையும் கல்விக்கே எழுதிவைத்தார். அப்பொருள்கொண்டு அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளிக்கு ‘மதராஸ் காலேஜ்’ என்பது பெயர். நம் நகரின் பெயர் 1996-இல் சென்னை என மாறியபின்னும், வடகடற்கரையில் உள்ள அந்த ஸ்காத்லாந்துப் பள்ளி இன்றும் அப்பெயராலேயே வழங்கிவருகிறது.