துடியும் நிலமும்: திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில்வட்டாரத்தை முன்வைத்து

தொல்காப்பிய அகத்திணையியல் பறையைக் கருப்பொருள்களுள் ஒன்றாக வைக்கின்றது. நம்பியகப்பொருள் மருதத்திற்கு நெல்லரிகிணை, பாலைக்குத் துடி என வகுக்கின்றது. கருவி நிலத்திற்குரியதாயின், நிலம் திரியும்போது அது என்னாகும்?

ஏரிப்பாசன வயல்கள் நிறைந்திருந்த திருப்பெரும்புதூர் வட்டாரம் இவ்வினாவிற்கு ஏற்ற களம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் மற்றொரு மகிழுந்து ஆலை திறக்கப்பட்டது. நெல்லரிகிணை என்னும் பெயர் இன்று வழக்கில் இல்லை. அதன் மறைவை ஆலைகளின்மேல் ஏற்றுதல் பொருந்தாது. வட தமிழகத்தின் ஏனைய பகுதிகளைப் போலவே இங்கும் ஆடி மாத அம்மன் விழாக்களுக்கு உரியவை பம்பையும் உடுக்கையும்.

உடுக்கை துடியின் வடிவமரபினது. 'துடியிடை' என்னும் வழக்கே அவ்வடிவிற்குச் சான்று. சிலப்பதிகாரக் காடுகாண் காதை, முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்தவிடத்துப் பாலை தோன்றும் என்கிறது. அடுத்து வரும் வேட்டுவ வரியில் சாலினி தெய்வமுற்று ஆடுகிறாள். ஆகவே துடி, திரிந்த நிலத்திற்கும் தெய்வமேறலுக்கும் உரிய கருவி. இதனைக்கொண்டு தொழிற்பேட்டையைப் புதிய பாலை என்றுரைக்கத் தோன்றலாம். அஃது அழகிய உவமையே. ஆயின் ஆய்வு முடிபாகாது. இங்கு மருதம் வறண்டு திரியவில்லை, கையகப்படுத்தப்பட்டது.

மேற்கு ஆப்பிரிக்க ஒப்பீடு இவ்விடத்துப் பயன்படுகின்றது. யொரூபா மக்களின் டுண்டுன் முரசும் இடைசுருங்கியதே. அதன் வார்களை அழுத்திச் சுருதியை ஏற்றி இறக்குவர். உடுக்கையிலும் இடைக்கயிற்றை அழுத்தியே ஒலியை வளைப்பர். செய்முறை ஒன்று, பயன் வேறு. யொரூபா மூன்று சுருதிநிலைகளால் பொருள் வேறுபடும் மொழி. அதனால் டுண்டுன் சொல்லின் சுருதியையே ஒலித்துக் குடிப்பெருமை கூறவல்லது. இடம்பெயர்ந்து நகரம் புகுந்தாலும் அதன் ஒலியிலேயே குடியின் பெயர் உடன்செல்லும். தமிழில் சுருதி சொற்பொருளை வேறுபடுத்துவதில்லை. உடுக்கை அருளேற்றத்தைத் தூண்டும். ஊரையும் எல்லையையும் அம்மனையும் பெயர் சொல்லி அழைப்பது உடன்பாடப்படும் வர்ணிப்பே.

எனவே இவ்வட்டாரத்தில் தாளத்தை மட்டும் ஒலிப்பதிவு செய்வது போதாது. டுண்டுனுக்கு அம்முறை ஓரளவு பொருந்தும், உடுக்கைக்குப் பொருந்தாது. வர்ணிப்பில் வரும் ஏரி, களம், எல்லைக்கல் ஆகியவற்றின் பெயர்களை அவை இருந்த இடத்தோடு பொருத்திக் குறித்தல் வேண்டும். வயலின் பெயர் அறிந்த முதியோர் உள்ளபோதே அது இயலும்.