காம்ஷாப்டை நாமே மாற்றலாமா?

சித்தையன்கோட்டை, ஆத்தூர், செம்பட்டி முதலிய இடங்களைச் சுற்றியுள்ள கிராமங்களில் உழவு, சேறடித்தல், பார வண்டி இழுத்தல் முதலிய வேலைகளின் பெரும்பகுதி டிராக்டரைக் கொண்டே நடைபெறுகிறது. நிலச்சொந்தக்காரர் பலரிடம் கார் ஒன்றும் இருக்கிறது. யந்திரம் உழைக்க உழைக்கத் தேய்வது இயற்கை. காம்ஷாப்ட் தேய்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும், புதியதை வாங்கி வந்து நாமே பொருத்தினால் கூலி மிச்சமாகுமே என்று குடியானவர்கள் எண்ணுவதுண்டு. அவ்வெண்ணம் தவறன்று. ஆயினும், கூலி ஒன்றை மட்டும் கருதித் தீர்மானிப்பது உசிதமன்று. ஆராய வேண்டிய விஷயங்கள் கீழே தரப்படுகின்றன.

காம்ஷாப்டின் வேலை

திண்டுக்கல் பூட்டின் உட்புறத்தைக் கண்டவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். சாவியின் பற்கள் உள்ளேயுள்ள நெம்புத் தகடுகளைச் சரியான அளவுக்கு உயர்த்தினாலன்றிப் பூட்டுத் திறவாது. அதுபோலக் காம்ஷாப்டின் புடைப்புகள் வால்வுகளை உரிய நேரத்தில், உரிய அளவுக்குத் திறக்கச் செய்கின்றன. 1876-ம் வருஷத்தில் ஜெர்மனியில் நிக்கோலஸ் ஆட்டோ என்பவர் இயக்கிக் காட்டிய நான்கு வீச்சு முறையிலேயே இன்றைய கார், டிராக்டர் இஞ்சின்கள் ஓடுகின்றன. இம்முறையில் கிராங்க்ஷாப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால் காம்ஷாப்ட் ஒரு சுற்றுச் சுற்றும். இந்தப் பொருத்தம் ஒரு பல் பிசகினாலும் இஞ்சினின் இழுவை குறையும். பிசகு அதிகமானால் பல இஞ்சின்களில் பிஸ்டன் வால்வில் மோதி அதை வளைத்துவிடும். டீஸல் இஞ்சினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி மிகக் குறுகியதாகையால் அபாயமும் அதிகம்.

தேய்ந்தது உண்மைதானா?

மேல்மூடியில் டக்டக்கென்ற சப்தம், இழுவைக் குறைவு, ஒரு சிலிண்டர் விட்டு விட்டு எரிதல் ஆகியவை காம்ஷாப்ட் தேய்வின் அடையாளங்கள். ஆனால் வால்வு இடைவெளி தளர்ந்திருந்தாலும், இன்ஜெக்டர் அல்லது ஸ்பார்க் பிளக் பழுதாயிருந்தாலும் இவற்றிற் சில தோன்றும். ஆகையால் முதலில் வால்வு இடைவெளியைக் கைப்புத்தகத்திற் கண்ட அளவுக்குத் திருத்துக. திருத்திய சில நாட்களிலேயே அதே வால்வின் இடைவெளி மீண்டும் அகன்றால், புடைப்போ டேப்பெட்டோ தேய்கிறதென்று சந்தேகிக்கலாம். பின்னர் இஞ்சினைக் கையாற் சுழற்றி, ஒவ்வொரு வால்வும் எவ்வளவு இறங்குகிறதென்று டயல் கேஜினால் அளக்க வேண்டும். இன்லெட் வால்வை மற்ற இன்லெட் வால்வுகளுடனும், எக்ஸாஸ்ட் வால்வை மற்ற எக்ஸாஸ்ட் வால்வுகளுடனும் ஒப்பிடுக. ஒன்று மட்டும் குறைவாய் இறங்கினால் தேய்வு உறுதியாகும். இச்சோதனைக்கு இஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. சோதியாமல் சாமான் வாங்குவது வீண் செலவு.

இஞ்சினின் அமைப்பு

வேலையின் கடினம் அமைப்பைப் பொறுத்தது. பழைய அம்பாசிடர் காரின் 1500 ஸி.ஸி. பெட்ரோல் இஞ்சினில் காம்ஷாப்ட் பிளாக்கினுள் உள்ளது. ரேடியேட்டரையும் டைமிங் மூடியையும் கழற்றி, டேப்பெட்டுகளை எடுத்த பிறகு அதை முன்புறமாக உருவ வேண்டும். 1983-ம் வருஷம் வெளிவந்த மாருதி 800 காரில் அது தலைப்பகுதியில் அமைந்து, பல்லுள்ள பெல்ட்டினால் சுழல்கிறது. இங்கு பிரிக்க வேண்டியது குறைவு. பெல்ட்டை அடையாளத்துக்கு நேராகப் பூட்டுவதிலேயே முழுக் கவனமும் வேண்டும்.

டிராக்டரின் விஷயம் வேறு. பெரும்பாலான டிராக்டர்களில் இஞ்சினே வண்டியின் சட்டமாகவும் இருக்கிறது. முன் அச்சைப் பிரித்தாலன்றி டைமிங் மூடியை அணுக முடியாத வண்டிகள் பல. உறுதியான தாங்கிகளின்றிக் கல்லையும் கட்டையையும் முட்டுக் கொடுத்து இவ்வேலையில் இறங்குவது உயிருக்கே ஆபத்து. மேலும் டைமிங் சக்கரங்களுடன் டீஸல் பம்பும் இணைந்திருப்பதால், எண்ணெய் பீச்சும் நேரத்தையும் கூடவே சரிசெய்ய வேண்டும். ஆகவே டிராக்டரைப் பட்டறைக்கு அனுப்புவதே நலம். உத்தரவாதக் காலத்திலுள்ள வண்டியையும், கம்ப்யூட்டர் கட்டுப்பாடுள்ள புதிய இஞ்சினையும் சொந்தக்காரர் பிரிக்கலாகாது.

கருவியும் காலமும்

கைப்புத்தகம், டார்க் ரென்ச், பீலர் கேஜ், டயல் கேஜ், சக்கரம் கழற்றும் புல்லர், தூசி படாத இடம் ஆகிய இவை இல்லாதவர் வேலையைத் தொடங்க வேண்டாம். ஒரு காகிதத்தின் இடப்பக்கம் மிச்சமாகும் கூலியையும், வலப்பக்கம் கருவி, கேஸ்கெட், எண்ணெய், வண்டி நிற்கும் நாட்களின் நஷ்டம் ஆகியவற்றையும் எழுதிக் கூட்டிப் பார்த்தால் உண்மை விளங்கும். குளங்களில் நீர் வந்து நடவுக்குச் சேறடிக்கும் சமயத்தில் ஒரு வாரம் வண்டி நின்றால், மிச்சமான கூலியைப்போற் பல மடங்கு நஷ்டமாகும். ரிப்பேரை வேலையற்ற மாதங்களில் வைத்துக்கொள்க. அவசரமாயின், வேளாண்மைப் பொறியியல் துறையார் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டிராக்டரை அமர்த்திக்கொள்ளலாம்.

தாமே செய்வோர் கவனிக்க வேண்டியவை

1. பழையது ஏன் தேய்ந்தது என்று காண்க. பழைய எண்ணெய், அடைபட்ட எண்ணெய் வழி, காற்று வடிகட்டி வழியே புகுந்த தூசி ஆகிய காரணம் நீங்காவிடில் புதியதும் அவ்வாறே கெடும்.

2. பிளாக்கினுள் காம்ஷாப்ட் உள்ள இஞ்சினில், புதியதுடன் பழைய டேப்பெட்டுகளைச் சேர்க்கலாகாது. அவற்றையும் புதிதாகவே இடுக.

3. பிரிக்குமுன் டைமிங் அடையாளங்களை நேராக்கிப் படம் பிடித்து வைத்துக்கொள்க.

4. புடைப்புகளுக்கு அதற்குரிய பசையைப் பூசிப் பொருத்துக. எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றுக.

5. ஸ்டார்ட்டரைத் தொடுமுன் கிராங்க்ஷாப்டைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுக. எங்கேனும் தடுத்தால் பலவந்தம் செய்யாமல், அடையாளங்களை மறுபடி பார்க்க.

6. அம்பாசிடர் போன்ற தட்டை டேப்பெட் பெட்ரோல் இஞ்சினை முதன்முறை மெதுவாய் ஓட விடலாகாது. எண்ணெய் அழுத்தம் வந்ததும் நிமிஷத்துக்குச் சுமார் 2000 சுற்று வேகத்தில் 20 நிமிஷம் ஓட்டுக. மற்ற இஞ்சின்களுக்குக் கைப்புத்தகத்திற் கண்டபடி செய்க.

நடு வழி

முழுவதும் நாமே, அல்லது முழுவதும் பட்டறையே என்று இருக்க வேண்டுவதில்லை. கார் ரேடியேட்டரைக் கழற்றுதல், பாகங்களைக் கழுவுதல், சாமான் வாங்குதல் ஆகியவற்றை நாமே செய்து, டைமிங் பொருத்துவதை மட்டும் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடலாம். இதனால் கூலியில் ஒரு பகுதி குறையும். அருகிலிருந்து பார்ப்பதால் அறிவும் வளரும். கிராம அதிகாரிகளும் உழவர் குழுவினரும் முயன்று ஒரு டார்க் ரென்ச்சையும் டயல் கேஜையும் பொதுவில் வாங்கி வைப்பின், ஊரார் அனைவருக்கும் பயன்படும்.

தேய்வின் காரணத்தைக் கண்டறியவும், டைமிங்கை ஐயமறச் சோதிக்கவும் வல்லவர் தம் காரில் இவ்வேலையைத் தாமே செய்யலாம். இவ்விரண்டில் ஒன்றில் சந்தேகமுள்ளவர் கூலி கொடுப்பதே சிக்கனமாகும்.