மஞ்சப்பையில் அச்சாகுமா?

மளிகைக்கடை, மாவு மில், முறுக்குக் கம்பெனி, தையற்கடை என்று சின்ன வியாபாரிகளுக்கு லோகோவும் பில்லும் லேபிளும் போட்டுப் பிழைக்க இறங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு இது. கோரல் டிராவும் போட்டோஷாப்பும் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வரும். நான் சொல்ல வருவது அதற்கு வெளியே இருப்பவை.

1. கணினியைத் திறக்குமுன் கடைக்குப் போய் அரைமணி நேரம் நில்லுங்கள். போர்டில் 'ஸ்ரீ வெங்கடேஸ்வரா டிரேடர்ஸ்' என்றிருக்கும். வருகிறவர்கள் 'வேப்பமரத்துக் கடை' என்பார்கள். ஊர் வைத்த அந்தப் பெயரை முதலாளி உங்களிடம் சொல்லமாட்டார், கூச்சம். அந்த வேப்பமரம்தான் உங்கள் லோகோ. பேசிச் சம்மதிக்க வைப்பது உங்கள் சாமர்த்தியம்.

2. லோகோவை முதலில் கறுப்பு ஒன்றிலேயே போடுங்கள். சின்னக் கடையின் லோகோ அதிகம் அச்சாவது எங்கே? 58 அல்லது 80 மி.மீ. அகல தெர்மல் பில்லில். அங்கே கறுப்பு மட்டும்தான். அடுத்து ரப்பர் ஸ்டாம்ப். அடுத்து துணிப்பை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்து, 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்த பிறகு, பை கேட்காத கடைக்காரர் குறைவு. பையில் ஒற்றைக் கலர் ஸ்கிரீன் பிரிண்டிங்தான் கட்டுப்படியாகும். கலர் கூடக் கூட ஸ்கிரீனும் கூலியும் கூடும். உங்கள் கிரேடியன்டும் நிழலும் அங்கே திட்டுத்திட்டாகிவிடும். மயிரிழைக் கோடு ஸ்டாம்பில் அடைந்துபோகும். மஞ்சள் துணிமேல் மெல்லிய நீலம் அடித்தால் பச்சை தட்டும். இந்த மூன்றிலும் நின்ற லோகோவுக்கு வண்ணம் சேர்ப்பது பத்து நிமிட வேலை. வாட்ஸ்அப் டிபி வட்டம் என்பதையும் நினைவில் வையுங்கள், மூலையில் வைத்ததெல்லாம் வெட்டுப்படும்.

3. தமிழை ஆங்கிலத்துக்குக் கீழே கிடைத்த இடத்தில் திணிக்காதீர்கள். பெயர்ப்பலகையில் தமிழ் 5, ஆங்கிலம் 3, பிறமொழி 2 என்ற அளவில் இருக்கவேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. அதனால் தமிழில் தொடங்குவதே லாபம். இடம் போதவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் இழுக்காதீர்கள்: நிற்கும் கோடு தடிக்கும், படுத்த கோடு அப்படியே இருக்கும், பார்க்கச் சகிக்காது. எழுத்துக்கிடையே இடைவெளி கூட்டினால் 'கொ' மூன்று துண்டாகச் சிதறக்கூடும். மேலே விசிறி, கீழே சுழி உள்ள மொழி இது, வரிக்கு வரி தாராளமாக இடம் விடுங்கள். அடோபியில் யூனிகோட் தமிழ் உடைந்தால் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' தேர்வைப் போடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் எல்லாம் இலவசம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். திருட்டு ஃபான்ட் எதற்கு? அச்சகத்துக்கு அனுப்பும்போது எழுத்தைக் கர்வ்ஸாக மாற்றி அனுப்புங்கள், இல்லாவிட்டால் பாமினி ஃபான்டில் அடித்தது அங்கே ஆங்கில எழுத்தாக நிற்கும். மாற்றாத மூலத்தைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

4. வண்ணம் இரண்டு போதும். திரையில் பளீரென்ற கிளிப்பச்சையும் ஆரஞ்சும் சிஎம்ஒய்கே-யில் மங்கும்; முதலாளிக்கு அதை அச்சுத்தாளில் காட்டியே ஒப்புதல் வாங்குங்கள். பொடி எழுத்துக்குத் தனிக் கறுப்பு மட்டும். நாலு கலரும் சேர்ந்த கறுப்பு சற்றே விலகினாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும்.

5. வெட்டுக்கு 3 மி.மீ. பிளீட், படத்துக்கு 300 டிபிஐ. வாட்ஸ்அப்பில் டாகுமென்ட்டாக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும்.

6. தின்பண்டப் பாக்கெட் என்றால் சட்டம் கேட்கும் இடத்தை முதலில் ஒதுக்குங்கள். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண், சைவத்துக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், சேர்மானம், நிகர எடை, அதிகபட்ச விலை, தேதி, தயாரித்தவர் முகவரி. மிச்சமிருப்பதுதான் உங்கள் ஆடுகளம். பார்கோடு வெள்ளையில் கறுப்பு. அழகுக்காகச் சிவப்புக் கோடாக்கினால் ஸ்கேனரின் சிவப்பொளிக்கு அது தெரியாது. இரு பக்கமும் கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள்.

7. சாமி படம் போடச் சொல்வார்கள். காலண்டரில் போடுங்கள். பையிலும் பொட்டலத்திலும் வேண்டாம், நாளை சாக்கடையோரம் கிடப்பது அதே சாமிதான். இந்தக் காரணத்தைச் சொன்னால் பக்தியுள்ள முதலாளி உடனே ஒத்துக்கொள்வார்.

8. "அந்தப் பெரிய கம்பெனி மாதிரியே" என்று கேட்டால் முடியாது என்று சொல்லுங்கள். வழக்கு வந்தால் அச்சடித்த மொத்தமும் வீண். டிரேட்மார்க் பதிவகத்தின் தளத்தில் பெயரை இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பதிவாகுமுன் வட்டத்துக்குள் ஆர் போடுவது சட்டவிரோதம்; டிஎம் போட்டுக்கொள்ளலாம்.

9. அச்சுக்குப் போகுமுன் அதில் உள்ள ஃபோன் நம்பரை அடித்துப் பாருங்கள். முதலாளியின் ஃபோன் மணி அடிக்கவேண்டும்.

10. பாதிப் பணம் முன்னால், திருத்தம் இரண்டு முறை, அதற்குமேல் தனிக் கூலி. இதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மூல ஃபைல் யாருக்குச் சொந்தம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள், பின்னால் வரும் சண்டைகளில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். மீதிப் பணம் வந்ததும் கர்வ்ஸ் பிடிஎஃப், பின்னணி இல்லாத பிஎன்ஜி, ஒற்றைக் கறுப்பு வடிவம், வண்ண எண்கள் எழுதிய தாள், நான்கையும் ஒரு பென்டிரைவில் கொடுங்கள். அடுத்த போர்டை அவர் வேறு ஆளிடம் கொடுத்தாலும் வேப்பமரம் தென்னைமரமாகாது.