ஒன்றுகூடலுக்கு முன்

கேள்வி: பதுளையில் எங்கள் உயர்தர வகுப்பின் ஒன்றுகூடல். தோட்டத்திலேயே தங்கிவிட்ட நண்பன் வர மறுக்கிறான். என்ன செய்யலாம்?
– வாசகர், ஹாலிஎல

பதில்: தலைக்கு எவ்வளவு என்று முதலில் சொல்லியிருப்பீர்கள். காரணம் அதுவாகத்தான் இருக்கும். ஹோட்டலை விடுங்கள், ரயிலில் ஒன்றுகூடுங்கள். 1924இல் பதுளைக்கு வந்த ரயில் பாதை, தெமோதரையில் ஒரு சுற்றுச் சுற்றி ஸ்டேசனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைகிறது. அந்த இருட்டில் ஊளையிட்டவர்கள்தானே நீங்கள்? அந்த நண்பர் லயத்திலிருந்து கொண்டுவந்த ரொட்டியும் கட்டச்சம்பலும் இரண்டாம் பாடத்துக்குள் யார் வயிற்றுக்குப் போயின? தான் வேலை பார்த்த தோட்டத்தின் பெயரையே எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார்; தோட்டம் ஒளிக்கவேண்டிய முகவரியல்ல. வாட்ஸ்அப் போதாது, இருவர் நேரில் போய் நண்பரைக் கூப்பிடுங்கள். ஒன்றுகூடல் நாளையும் ஞாயிறாகவே வையுங்கள். வேலை நாளென்றால் அவருக்குப் பேர் விழாது, அன்றைய சம்பளமும் போய்விடும்.