நெல்லைக் காக்கும் போல்ட்டு

எகிப்தில் யோசேப்பு ஏழாண்டு விளைச்சலைச் சேமித்து வைத்ததால் பஞ்சத்தில் மக்கள் பிழைத்தனர். விளைவிப்பது பாதி வேலை, காப்பது மறுபாதி.

பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில், நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. 3,000 கலம் நெல் கொள்ளும் அது வட்ட வடிவமானது. மேலே கூம்பு முடி. இக்காலத்து எஃகுக் களஞ்சியமான 'சைலோ'வும் வட்டமே. ஏன்? உள்ளிருக்கும் நெல் சுவரை வெளியே தள்ளும். தட்டையான சுவர் நடுவில் பிதுங்கும். வட்டச் சுவரோ அவ்விசையைச் சுற்றிலும் சமமாகத் தாங்கும்.

எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து இணைத்தால், அச்சூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்து அவ்விடம் துருப்பிடிக்கும். ஆகவே, பூச்சிட்ட தகடுகளைத் தொழிற்சாலையிலேயே நெளிவு கொடுத்துத் துளையிட்டு, லாரியில் கொண்டுவந்து போல்ட்டுகளால் பூட்டுகிறார்கள். நெளிவு தகட்டுக்கு உறுதி தருகிறது. இணைப்புகளில் நீர்புகாப் பசையும், போல்ட்டுகளில் ரப்பர் வளையமும் மழையைத் தடுக்கின்றன.

ஆனால் ஒரு போல்ட்டு தளர்ந்தாலும் நீர் கசியலாம். நனைந்த நெல் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். அதனால்தான் ஈரம் 14 விழுக்காட்டுக்கு மிகாமல் நெல்லை உலர்த்தியே உள்ளே கொட்ட வேண்டும். விசிறியால் காற்றும் செலுத்த வேண்டும்.

தோழியரே, ஐப்பசி மழையில் குறுவை நெல் குவியலாக நனைவதையும், உழவர் தார்ப்பாயுடன் ஓடுவதையும் நம் ஊரில் கண்டிருக்கிறோம். அந்தக் கண்ணீரைத் துடைக்கச் சிறு போல்ட்டும் உதவும். சிறியதென்று எதையும் இகழலாகாது!