யார் ஜெயிப்பார், யார் ஜெயிக்க வேண்டும்

நியூயார்க்கின் பிராட்வே நாடகப் பருவம் ஏப்ரல் கடைசியில் முடியும். மே மாதத் தொடக்கத்தில் டோனி விருதுக்கான பரிந்துரைப் பட்டியல் வரும். ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு விருது கொடுப்பார்கள். இடைப்பட்ட ஐந்தாறு வாரத்தில் யார் ஜெயிப்பார் என்று ஆளாளுக்குப் பட்டியல் போடுவது நம் கூட்டத்தின் பொழுதுபோக்கு. இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள் சொல்லலாம் என்று தோன்றியது. ரொம்ப நாளாகப் பட்டியல் போட்டு வருகிறவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

1. மேடையைப் பார்ப்பதற்கு முன் ஓட்டுப் போடுகிறவர்களைப் பாருங்கள். இந்த விருதை 1947இல் அமெரிக்கன் தியேட்டர் விங் அமைப்பு தொடங்கியது. மறைந்த நடிகையும் இயக்குநருமான ஆன்டோனெட் பெர்ரியின் செல்லப் பெயர்தான் டோனி. இன்று பிராட்வே லீக் என்ற தொழில் அமைப்பும் சேர்ந்து நடத்துகிறது. ஓட்டுரிமை உள்ளவர்கள் சுமார் 800 பேர். தயாரிப்பாளர்கள், அரங்க உரிமையாளர்கள், நடிகர் சங்கம், நாடகாசிரியர் சங்கம், இயக்குநர் சங்கம், மேடை வடிவமைப்பாளர் சங்கம் ஆகியவற்றின் நிர்வாகிகள் என்று எல்லாரும் தொழிலுக்குள் இருப்பவர்கள். விமர்சகர்களின் ஓட்டுரிமையை 2009இல் பறித்தார்கள். பிறகு நியூயார்க் நாடக விமர்சகர் வட்டத்தினருக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். ஆகையால் பத்திரிகை விமர்சனத்தைப் படித்துவிட்டு அதையே பட்டியலாக்கிவிடாதீர்கள். விமர்சகர் தனியாக உட்கார்ந்து எழுதுகிறவர். ஓட்டுப் போடுகிற தயாரிப்பாளருக்குப் பக்கத்து அரங்கில் சொந்த நாடகம் ஓடிக்கொண்டிருக்கும், எதிர் நாடகத்தில் பழைய நண்பர் நடித்துக்கொண்டிருப்பார், அடுத்த வருஷம் அதே இயக்குநரை அமர்த்தும் யோசனையும் மனதில் இருக்கும்.

2. அந்த 800 பேரில் வெளியூர்க்காரர்களை மறக்காதீர்கள். அமெரிக்காவின் மற்ற நகரங்களில் பெரிய அரங்கங்களை நடத்துகிறவர்கள் லீகில் உறுப்பினர்கள். பிராட்வேயில் ஜெயித்த இசை நாடகம் சுற்றுப்பயணம் கிளம்பினால்தான் அவர்கள் அரங்கம் நிறையும். "இது எங்க ஊர்ல ஓடுமா?" என்பது அவர்கள் கேள்வி.

இதை வைத்துத்தான் 2004இல் எல்லாரும் 'விக்கெட்' நாடகத்துக்குப் பந்தயம் கட்டினார்கள். பிராட்வேயின் மிகப் பெரிய அரங்கமான கெர்ஷ்வினில் கூட்டம் அலைமோதியது. எதிரே இருந்ததோ 'அவென்யூ க்யூ', சின்ன அரங்கில் துணிப் பொம்மைகளைக் கையில் மாட்டிக்கொண்டு வயசுப் பிள்ளைகளின் வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பாடிய நாடகம். அது ஜனாதிபதித் தேர்தல் வருஷம். 'அவென்யூ க்யூ' ஆட்கள் அதையே கேலியாக்கி, தேர்தல் பிரசாரம் மாதிரியே, மனசு சொல்கிறபடி ஓட்டுப் போடுங்கள் என்று கேட்டார்கள். சிறந்த இசை நாடகம், சிறந்த கதை வசனம், சிறந்த இசை மூன்றும் அவர்களுக்கே போயின. ஜெயித்த கையோடு, சுற்றுப்பயணம் இல்லை, லாஸ் வேகஸில் நிரந்தரமாக ஆடப் போகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். வெளியூர் அரங்கக்காரர்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தக் கோபத்தால் பிறகு சின்ன நாடகங்களுக்கு வழி அடைபட்டதா என்றால் இல்லை. 2015இல் 'ஃபன் ஹோம்', 2018இல் 'தி பேண்ட்ஸ் விசிட்', 2022இல் 'எ ஸ்ட்ரேஞ்ச் லூப்', 2025இல் 'மேபி ஹேப்பி எண்டிங்' என்று சின்ன நாடகங்கள் ஜெயித்துக்கொண்டேதான் இருக்கின்றன. சியோலில் பிறந்த 'மேபி ஹேப்பி எண்டிங்' இரண்டு பழைய ரோபோக்களின் காதல் கதை. தொடக்கத்தில் டிக்கெட் விற்காமல் தடுமாறியது. சுற்றுப்பயணக் கணக்கைப் பாருங்கள். அதிலேயே முழுப் பட்டியலையும் எழுதிவிடாதீர்கள்.

3. பரிந்துரை எண்ணிக்கையைக் கண்டு மயங்காதீர்கள். புதிதாக வருகிறவர்கள் விழுகிற பள்ளம் இதுதான். 2018இல் 'மீன் கேர்ல்ஸ்' 12 பரிந்துரைகள் பெற்றது, ஒரு விருதுகூட இல்லை. அதே வருஷம் 'ஸ்பாஞ்ச்பாப்' 12 பெற்று ஒன்றே ஒன்று வாங்கியது. 11 பரிந்துரை பெற்ற 'தி பேண்ட்ஸ் விசிட்' பத்தை அள்ளிக்கொண்டு போனது. 2011இல் 'தி ஸ்காட்ஸ்பரோ பாய்ஸ்' 12க்குப் பூஜ்யம். பின்னாளில் 'ஸ்லேவ் பிளே'வும் 12க்குப் பூஜ்யம். 2023இல் 'சம் லைக் இட் ஹாட்' 13 பரிந்துரைகளோடு முன்னால் நின்றது. சிறந்த இசை நாடகம் எட்டே பரிந்துரை பெற்ற 'கிம்பர்லி அக்கிம்போ'வுக்குப் போயிற்று.

காரணம் எளிது. பரிந்துரை செய்வது சில பத்துப் பேர் கொண்ட தனிக் குழு. எல்லா நாடகங்களையும் பார்த்தாக வேண்டியது அவர்கள் கடமை. ஒவ்வொரு பிரிவிலும் நல்ல வேலையைத் தேடி எடுப்பார்கள். பெரிய ஆட்டம்பாட்டத்தோடு வரும் நாடகத்துக்கு உடை, ஒளி, நடனம், வாத்திய அமைப்பு என்று வரிசையாக இடம் கிடைக்கும். ஜெயிக்க வைப்பது வேறு கூட்டம். எல்லாவற்றிலும் இரண்டாவது பிடித்ததாக இருக்கும் நாடகம் எதிலும் ஜெயிக்காது.

4. ஒரே நாடகத்தில் இரண்டு மூன்று பேர் ஒரே பிரிவில் போட்டியிட்டால் ஓட்டுப் பிரிந்துவிடும் என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நடந்ததைப் பாருங்கள். 2016இல் 'ஹாமில்டன்' நாடகத்தின் இரண்டு பேர் சிறந்த நடிகர் பிரிவில் மோதினார்கள். எழுதி இசையமைத்து நடித்த லின்-மானுவல் மிராண்டாவைத் தாண்டி லெஸ்லி ஓடம் ஜூனியர் ஜெயித்தார். துணை நடிகர் பிரிவில் அதே நாடகத்தின் மூன்று பேர். டேவீட் டிக்ஸ் ஜெயித்தார். 2024இல் 'ஸ்டீரியோஃபோனிக்' மூன்று பேரைத் துணை நடிகர் பிரிவில் நிறுத்தியது. வில் பிரில் ஜெயித்தார். நாடகத்தின் மேல் அன்பு பொங்கும்போது, ஓட்டு எப்படியோ ஒருவர் பக்கம் திரண்டுவிடுகிறது. அந்த ஒருவர் யார் என்பதில் மட்டும் மண்டையை உடைத்துக்கொள்ளுங்கள்.

5. பிரிவு பிரிக்கிறவர்களின் முடிவுகளைச் சீசன் முழுக்கக் கவனியுங்கள். இது சலிப்பான வேலை, செய்கிறவர்கள் குறைவு, அதனால்தான் செய்யச் சொல்கிறேன். 500 இருக்கைக்குக் குறையாத 41 அரங்கங்களில் ஆடுவதுதான் பிராட்வே நாடகம். அவற்றில் எது எந்தப் பிரிவில் வரும் என்பதை விருது நிர்வாகக் குழு அவ்வப்போது கூடி முடிவு செய்யும். விளம்பரத்தில் நாடகப் பெயருக்கு மேலே பெயர் இருந்தால் முதன்மை நடிகர், கீழே இருந்தால் துணை நடிகர் என்பது பொது விதி. குழு நினைத்தால் மாற்றலாம்.

2014இல் ஆட்ரா மெக்டொனால்ட், பாடகி பில்லி ஹாலிடேயாக மேடையில் பாட்டுமேல் பாட்டாகப் பாடினார். ஆனால் அதை வசன நாடகம் என்று வகைப்படுத்தினார்கள். வசன நாடக நடிகைக்கான விருதை வாங்கி, நடிப்புக்காக ஆறு டோனி பெற்ற ஒரே கலைஞர் ஆனார்; நான்கு நடிப்புப் பிரிவுகளிலும் ஜெயித்தவர் என்ற பெயரும் சேர்ந்தது. இசை நாடகப் பிரிவில் போயிருந்தால் ஜெஸி முல்லரோடு மோதியிருக்க வேண்டும். அதே வருஷம் 'ஹெட்விக்' பிராட்வேக்கு வந்ததே முதல் தடவை. இருந்தும், ஏற்கெனவே ஊரறிந்த படைப்பு என்று சொல்லி மறு அரங்கேற்றப் பிரிவில் போட்டார்கள். அங்கே அது ஜெயித்தது.

6. குழந்தைகள் நடிக்கும் நாடகம் வந்தால் விதியைத் தேடிப் படியுங்கள். 2009இல் 'பில்லி எலியட்' வேஷத்தை மாறி மாறிக் கட்டிய மூன்று சிறுவர்களுக்கும் சேர்த்துச் சிறந்த நடிகர் விருது கொடுத்தார்கள். 2013இல் 'மட்டில்டா'வின் நான்கு சிறுமிகளைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை; தனிக் கௌரவம் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். எனக்கு அதில் இன்னும் மனத்தாங்கல் உண்டு. லண்டனில் அந்த வேஷத்தைக் கட்டிய நான்கு பிள்ளைகள் சிறந்த நடிகை விருதைப் பகிர்ந்துகொண்டவர்கள்.

7. லண்டன் என்றதும் ஞாபகம் வருகிறது. அங்கே ஒலிவியர் விருது வாங்கிய நாடகம் இங்கேயும் வாங்கும் என்று நம்பி ஏமாந்தவர்கள் அநேகம். 'மட்டில்டா' அங்கே ஏழு ஒலிவியர் வாங்கிச் சாதனை படைத்துவிட்டு வந்தது. இங்கே சிறந்த இசை நாடக விருது உள்ளூர்ப் படைப்பான 'கிங்கி பூட்ஸ்'க்குப் போனது.

நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் 'லைஃப் ஆஃப் பை'. பாண்டிச்சேரிப் பையன் புலியோடு படகில் மிதக்கும் கதை. லண்டனில் பையாக நடித்த இலங்கைக்காரர் ஹிரன் அபேசேகரவுக்குச் சிறந்த நடிகர் விருது. புலியை ஆட்டிய ஏழு பேருக்கும் சேர்த்துச் சிறந்த துணை நடிகர் விருது. பொம்மைக்குள் குனிந்து நின்றவர்களை நடிகர்கள் என்று ஒப்புக்கொண்டது பெரிய காரியம். 2023இல் நியூயார்க்கில் ஹிரனுக்குப் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. மேடை அமைப்பு, ஒளி, ஒலி மூன்றுக்கும் விருது கொடுத்தார்கள். கடல் தாண்டி வந்த நாடகம் என்றால் நடிப்புக்கு யோசியுங்கள், தொழில்நுட்பத்துக்குத் துணிந்து எழுதுங்கள்.

8. பாசம் கண்ணை மறைக்கும். 2004இல் ஏ.ஆர். ரஹ்மானின் 'பாம்பே ட்ரீம்ஸ்' பிராட்வேக்கு வந்தபோது, நம் ஆட்கள் பலர் சிறந்த இசை அவருக்குத்தான் என்று சத்தியம் செய்தார்கள். நடனம், உடை, வாத்திய அமைப்பு மூன்றுக்கும் பரிந்துரை வந்தது. இசைக்கு வரவில்லை. அடுத்த ஜனவரி முதல் தேதியோடு நாடகமும் முடிந்தது. அந்தப் பாட்டுகளை நான் இப்போதும் கேட்கிறேன். பட்டியல் எழுதும்போது மட்டும் கேட்பதில்லை.

9. சினிமா நட்சத்திரம் வந்தால் டிக்கெட் விற்கும். விருது வருமா என்பது வேறு கணக்கு. 2025இல் டென்சல் வாஷிங்டன் 'ஒத்தெல்லோ'வில் நடித்தார். நல்ல இருக்கைகள் 900 டாலரைத் தாண்டின. வாரத்துக்கு 28 லட்சம் டாலர் வசூல் ஆனது. ஒரு பரிந்துரைகூட இல்லை. அதே டென்சல் 2010இல் 'ஃபென்ஸஸ்' நாடகத்துக்கு டோனி வாங்கியவர் என்பதையும் சேர்த்தே ஞாபகம் வையுங்கள். ஜார்ஜ் குளூனிக்குப் பரிந்துரை கிடைத்தது. ஆனால் 'ஓ, மேரி!' என்ற கிறுக்குத்தனமான நகைச்சுவையைத் தானே எழுதி, லிங்கனின் மனைவியாகத் தானே நடித்த கோல் எஸ்கோலா ஜெயித்தார். ஊருக்கு வந்துபோகும் விருந்தாளியைவிடக் கூடவே கிடந்து வளர்ந்தவர்மேல்தான் இந்த 800 பேருக்கும் சாய்வு.

10. கடைசியில் திறந்த நாடகமே ஓட்டுப் போடுகிறவர்களின் நினைவில் நிற்கும் என்று நினைத்துத் தயாரிப்பாளர்கள் ஏப்ரலில் குவிகிறார்கள். பாதிதான் உண்மை. 'ஹாமில்டன்' ஆகஸ்டில் திறந்தது, 'அவென்யூ க்யூ' ஜூலையில். மூடிய நாடகத்துக்கு ஓட்டு விழாது என்பதும் அப்படியே: இசை நாடகத்துக்குப் பெரும்பாலும் பொருந்தும், குறைந்த வாரங்களே ஆடும் வசன நாடகத்துக்குப் பொருந்தாது. 'டாப்டாக்/அண்டர்டாக்' 2023 ஜனவரியில் மூடி, ஜூனில் ஜெயித்தது.

11. டோனிக்கு முன்னால் வரும் முன்னோடி விருதுகளைப் பாருங்கள், ஆனால் ஒவ்வொன்றின் கோணலையும் தெரிந்து பாருங்கள். டிராமா லீக் தனிநபர் நடிப்பு விருதை ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே தடவைதான் கொடுக்கும். முன்பே வாங்கியவர் இந்த வருஷம் தோற்றார் என்று எழுதக் கூடாது. டிராமா டெஸ்க் சின்ன அரங்க நாடகங்களையும் சேர்த்துப் பார்க்கும். 'ஹாமில்டன்' 2015லேயே சின்ன அரங்கில் ஆடி அதை வாங்கிவிட்டதால், 2016இல் அந்த இடம் 'ஷஃபில் அலாங்'குக்குப் போனது. அதை நம்பி எழுதியவர்கள் ஜூனில் பார்த்தது 10 பரிந்துரைக்குப் பூஜ்யம். 2023 முதல் டிராமா டெஸ்க் நடிகர் நடிகை என்று பிரிக்காமல் விருது கொடுக்கிறது. நேராக ஒப்பிட முடியாது. புலிட்சர் பரிசு 2025இல் 'பர்பஸ்' நாடகத்துக்குச் சரியாக வழிகாட்டியது, 2017இல் 'ஸ்வெட்' விஷயத்தில் கைவிட்டது.

12. ஒலி அமைப்புப் பிரிவை யாரும் மதிப்பதில்லை. விருதுக்காரர்களே சில வருஷம் அதை எடுத்துவிட்டு 2018இல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். நம் கூட்டத்தில் முதலிடம் பிடிக்கிறவர் அநேகமாக அங்கேதான் பிடிக்கிறார். மற்றதெல்லாம் எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள்.

13. இரண்டு பட்டியல் போடுங்கள். ஒன்றில் ஜெயிக்கப் போகிறவர், இன்னொன்றில் ஜெயிக்க வேண்டியவர். ஒரே தாளில் எழுதினால் ஒன்று மற்றொன்றுக்குள் கசிந்துவிடும். இரண்டாவது பட்டியலை எழுத நாடகத்தைப் பார்த்திருக்க வேண்டும். டைம்ஸ் ஸ்கொயரில் டிகேடிஎஸ் சாவடியில் நின்றால் அன்றைய டிக்கெட் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும். அங்கே வரிசையில் நிற்பவர்கள் பேசுவதையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

14. போட்டியே இல்லாத பிரிவிலும் விதியைப் படியுங்கள். பெருந்தொற்றால் தள்ளிப்போய் 2021 செப்டம்பரில் நடந்த விழாவில் இசை நாடக நடிகர் பிரிவில் ஆரன் ட்வெயிட் ஒருவர்தான். அவருக்கும் 60 சதவீத ஓட்டு வேண்டும் என்று வைத்தார்கள். வாங்கிவிட்டார்.

15. சமன் ஆனால் மதிப்பெண் எப்படி என்று முதலிலேயே பேசி வையுங்கள். 1960இல் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்'கும் 'ஃபியோரெல்லோ!'வும் சிறந்த இசை நாடக விருதைப் பகிர்ந்துகொண்டன. 1993இல் சிறந்த இசை இரண்டு நாடகங்களுக்குப் போனது. நம் கூட்டத்து வழக்கம், இரண்டில் எதை எழுதியிருந்தாலும் முழு மதிப்பெண். இரண்டும் ஜெயிக்கும் என்று எழுதிக் கொடுப்பவருக்குப் பூஜ்யம். சமன் ஆனாலும் பூஜ்யம்தான்.