கொல்லாமையும் பிழைக்கமாட்டா விலங்கும்

கொல்லாமை நம்மவர்க்குத் தலையாய அறம். திருவள்ளுவர் அதற்கு ஓரதிகாரமே வகுத்தனர். ஆயினும், கோப்பாயூடாகச் செல்லும் பருத்தித்துறை வீதியிலே வாகனத்தால் மோதுண்டு முதுகெலும்பு முறிந்த நாயொன்று, எழவுமாட்டாது இறக்கவுமாட்டாது, வெயிலிலே ஈ மொய்ப்பக் கிடப்பதைக் காணுமிடத்து, மரக்கறியுணவினர் பலர் "நாம் கொன்றிலேம்" என்று ஆறுதலுற்று விலகிப் போகின்றனர். இங்ஙனம் விலகுதல் கொல்லாமையாகுமா? ஆகாதெனின் செய்யத்தக்கது யாது? இவற்றை ஈண்டு ஆராய்வாம்.

இவ்வினா புதியதன்று. 1927 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே யாழ்ப்பாணத்துக்கு எழுந்தருளிய காந்தியடிகள், அடுத்த ஆண்டிலே சபர்மதி ஆச்சிரமத்தில் இதனை நேரே எதிர்ப்பட்டார். ஆங்கு ஓர் கன்று தீராநோயுற்று, புரளவும் இயலாது வேதனைப்பட்டுக் கிடந்தது. வைத்தியர் கைவிட்டனர். அடிகள் ஆச்சிரமத்தாரோடு ஆலோசித்து, வைத்தியர் ஒருவரை அழைப்பித்து, தம் முன்னிலையிலேயே ஊசிமருந்தினால் அதன் உயிரை முடிப்பித்தார். இரண்டு நிமிடத்துள் யாவும் முடிந்தன. பசுவைத் தெய்வமாகப் போற்றும் நாட்டிலே இது பெரும் புயலை எழுப்பிற்று. வசைக் கடிதங்கள் வந்து குவிந்தன. அடிகள் ஒளித்தாரல்லர், தம் பத்திரிகையிலே தாமே எழுதி விடையிறுத்தார். சினத்தானேனும் தந்நலத்தானேனும் உயிரை வருத்துதலே இம்சையென்பதும், வேறு பரிகாரம் இல்லாதவிடத்து அவ்வுயிரின் பொருட்டே அதன் துன்பத்தை முடித்தல் அதன்பாற்படாதென்பதும் அவர் கருத்து.

அடிகள் கூறியதில் இரண்டு நிபந்தனைகள் அடங்கியிருத்தல் காண்க. பரிகாரம் இல்லாதிருத்தல் ஒன்று. விலங்கின் பொருட்டேயாதல் மற்றொன்று. காப்பகத்திலே இடமில்லை, தீனிக்குப் பணமில்லை என்று சுகதேகமுள்ள நாயைக் கொல்லுதல் இவற்றுள் ஒன்றினும் அடங்காது. அதனைக் கருணையென்று பெயரிட்டழைத்தல் சொல்லைக் களவாடுதலேயாம். மேல்நாட்டார் இதற்கு வழங்குஞ் சொல் யவன மொழியிலே "நல்லிறப்பு" எனப் பொருள்படுமென்று பள்ளியிலே கற்றோம். இறப்பு நல்லதாவது, அது யார்பொருட்டு நிகழ்கின்றதென்பதையும், எவ்வாறு நிகழ்கின்றதென்பதையும் பொறுத்தது.

எவ்வாறு என்பதே பலர் எண்ணாதது. முதலில் உணர்வு ஒழிதல் வேண்டும். பின்னரே மூச்சும் இருதயமும் நிற்றல் வேண்டும். இம்முறை பிறழுமாயின் கருணை கொடுமையாய் முடியும். எட்டிக்கொட்டையினின்று எடுக்கும் விஷத்தைப் பாருங்கள்: தசையெல்லாம் வில்லாய் வளைய வலிக்கும், உணர்வோ இறுதிவரை மாறாது நிற்கும். பொற்றாசியங் குளோரைட்டு இருதயத்தை நிறுத்தும். ஆழ்ந்த மயக்கம் முன்னரே உண்டாக்கப்படாவிடின், அது பெரும் வேதனை தருவது. வாகனப் புகையிலே காபனோரொட்சைட்டு இருப்பினும், அப்புகை சூடும் காரமும் உடையது. கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிக்கும். காற்றுக் குறைந்தவிடத்தும் நெடுநேரம் உயிர்தாங்கும் இயல்பினவாதலின், இளங்குட்டிகள் அவ்வாறான அறையிலே பெரியவற்றினும் நீட்டித்தே சாகும். சென்னை மாநகராட்சியார் முன்னர் மின்சாரத்தாலும் நாய்களைக் கொன்றனர். மின்னோட்டம் மூளையூடாகச் செல்லாவிடின் நாய் உணர்வோடேயே துடிக்கும். 1996 ஆம் ஆண்டிலே அவர்கள் கொல்லுதலை விட்டுக் கருத்தடையும் விசர்நாய்த் தடுப்பூசியும் மேற்கொண்டது நன்று.

மிருக வைத்தியர் சிறந்ததென்று கொள்வது பெந்தோபாபிற்றல் என்னும் உறக்கமருந்தை நாளத்திலே மிகுதியாய்ச் செலுத்துதலேயாம். சில நொடிகளில் மூளை உறங்கும். அவ்வுறக்கத்துள்ளே மூச்சு அடங்கும். பின் இருதயம் நிற்கும். அஞ்சி நடுங்கும் நாய்க்கு முன்னதாகத் தசையிலே மயக்கமருந்து இடுவர். பழகிய ஒருவர் தலையைத் தடவிக்கொண்டிருத்தல் மருந்துக்கு இணையான உதவி. ஒரு நாயின் முன்னிலையிலே மற்றொரு நாயைக் கொல்லலாகாதென்பதும், உயிர் போயிற்றென்று உறுதிசெய்த பின்னரே உடலை அகற்றல் வேண்டுமென்பதும் இந்தியாவின் 2001 ஆம் ஆண்டு நாய்க் கருத்தடை விதிகளிலே சட்டமாயின. சட்டம் எழுதினோர் இவ்வளவு நுணுகி நோக்கியது நமக்கு வியப்பே.

இலங்கையிலே 1893 ஆம் ஆண்டின் விசர்நாய்க் கட்டளைச்சட்டத்தின் கீழ்த் தெருநாய்கள் நெடுங்காலம் பிடித்துக் கொல்லப்பட்டன. 2006 ஆம் ஆண்டு முதலாக அரசாங்கம் அதனை விலக்கிக்கொண்டது. ஆதலின் நாய்களைப் பேணும் பாரம் இன்று அறத்தோர் தோள்மேல் ஏறியிருக்கின்றது. சிவபூமி அறக்கட்டளையார் இயக்கச்சியிலே நாய்கள் சரணாலயம் அமைத்தமை அத்தகைய தொண்டு. பெருந்தொகை நாய்களைப் பேணுமிடத்துத் தீராநோயினவும் நொறுங்குண்டனவும் வந்தே தீரும். தீராதென்று தீர்ப்பது வைத்தியரேயன்றிக் காவற்காரர் அல்லர். ஐயமுண்டாயின் இரண்டாம் வைத்தியரையும் கேட்டல் தகும். இல்லங்களிலே வளர்ப்போரும் எலிப்பாஷாணத்தையும் தடியையும் கருதாது, மிருக வைத்தியரையே அழைத்தல் வேண்டும். கொடுமையாய்க் கொல்லுதல் 1907 ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச்சட்டத்தினாலும் குற்றமாகும்.

ஊசியிட்ட பின் மூச்சு நின்றமை மாத்திரம் சான்றாகாது. நெஞ்சிலே குழாய் வைத்துச் சிலநேரம் கேட்டு, கருவிழியைத் தொட்டால் இமையாமையும் நோக்கியே வைத்தியர் முடிவு கூறுவர். மருந்து உடலிலே நெடுநாள் தங்கும். அவ்வுடலைத் தின்ற காகமும் நாயும் தாமும் மடியக்கூடும். ஆகவே வெளியிலே எறிதல் தகாது. ஆழக் குழிதோண்டிப் புதைத்தல் வேண்டும். நமது மண்ணின் கீழ்ச் சுண்ணக்கல்லாதலின், கழிவு எளிதிலே நிலத்தடி நீரைச் சேரும். கிணற்றுக்கு அணித்தாக அக்குழி இருத்தலாகாது.